லேண்ட்லைனை நாடு நாடாக மூடுகிறார்களாமே, உண்மையா? இந்தியாவில் என்ன ஆகும்?

உண்மைதான். உங்கள் எண் அப்படியே இருக்கலாம், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை வரும் செம்புக் கம்பிதான் போகிறது. அதோடு சேர்ந்து போவது கரண்ட். இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் பி.எஸ்.என்.எல்-லில் லைன் வேலை பார்த்தவன். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வந்த 78,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவன். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று ஓர் அறை இருக்கும். ஆசிட் வாடை அடிக்கும். 2 வோல்ட் செல்கள் 24, வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். உங்கள் வீட்டுப் போனுக்கு உயிர் அங்கிருந்து, அதே இரண்டு கம்பி வழியாகத்தான் வந்தது. அதனால்தான் தெருவே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கேபிள் பூமிக்குள் போய், தெருவில் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் மட்டும் அறுபடாமல் தப்பிய சில வீடுகளில் போன் வேலை செய்தது. எக்ஸ்சேஞ்ச் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்த அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் ஊரே வரிசையில் நின்று, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகளிடம் "உயிரோட இருக்கோம்" என்று சொன்னது.

பிரிட்டனில் இப்போது நடப்பது இதே பிரச்சினைதான். பழைய அனலாக் சேவையை 2025 டிசம்பரில் நிறுத்துவதாக இருந்தார்கள், பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். காரணம் வயதானவர்கள். அங்கே தனியாக வாழும் பெரியவர்கள் பலர் கழுத்தில் ஒரு பட்டன் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே விழுந்தால் அழுத்த வேண்டும், உதவி மையத்துக்குத் தானாகவே கால் போகும். இப்படி ஏறத்தாழ 18 லட்சம் பேர். இணையம் வழிப் போனுக்கு மாற்றியபோது சிலருடைய பட்டன் வேலை செய்யாமல் போனது. 2021 நவம்பரில் ஆர்வென் புயலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது, சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரம் கழித்தும் வரவில்லை. அதற்கடுத்த மார்ச்சில் அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான பி.டி.-யே மாற்றும் வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. மின்சாரம் இல்லாதபோது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் விதி. ஒரு மணி நேரம்! கஜாவில் எங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

ஜப்பான் செய்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்குள்ள தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. 2024 ஜனவரி தொடங்கி ஓராண்டில் உள்ளே இருந்த வலையமைப்பை ஐ.பி.-க்கு, அதாவது இணையம் இயங்கும் முறைக்கு, மாற்றியது, ஆனால் வீட்டுக்கு வரும் செம்புக் கம்பியை உடனே பிடுங்கிவிடவில்லை. 2011 நிலநடுக்கத்தின்போது செல்போன் நிறுவனங்கள் நெரிசலால் பெரும்பாலான அழைப்புகளைத் தடுக்க வேண்டியிருந்தது. மக்கள் வரிசையில் நின்றது பொதுத் தொலைபேசிகளில்தான். பேரிடரின்போது அவற்றுக்கு முன்னுரிமை உண்டு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் இலவசமாகவும் பேச விட்டார்கள். ஒரு சேவை லாபம் தருகிறதா என்பதோடு, ஆபத்தில் யாருக்கு உதவும் என்றும் அங்கே யோசித்திருக்கிறார்கள்.

பிரான்ஸ் 2030-க்குள் செம்பை முடித்துவிடுவதாகச் சொல்கிறது.

சரி, நம்ம ஊர். 2005-06 வாக்கில் இந்தியாவில் ஏறத்தாழ 5 கோடி லேண்ட்லைன்கள் இருந்தன. பிறகு செல்போன் வந்து அடித்துக்கொண்டு போனது. 2022 ஆகஸ்டில் லேண்ட்லைன் எண்ணிக்கையில் ஜியோ பி.எஸ்.என்.எல்-ஐ முந்தியது, ஜியோவின் லைன் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில், ஓடுவது. இங்கே பிரிட்டன் மாதிரி தேதி குறித்து மூடும் சத்தம் கேட்கவில்லை. கேபிள் பழுதானால் திரும்ப ஜாயின்ட் போடாமல் ஃபைபருக்கு மாறச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஃபைபர் கெட்டது என்று சொல்ல மாட்டேன். மழையில் நனைந்த செம்பு ஜாயின்ட்டைத் தேடிக் குழி வெட்டியவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கண்ணாடி இழை வழியாகக் கரண்ட் வராது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், மோடத்துக்கு ஒரு மினி யூ.பி.எஸ். வாங்கி வையுங்கள். வாங்கும்முன் மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 12 இருக்கும். அப்புறம், ஃபைபர் லைன்கள் போய்ச் சேரும் நிறுவனத்துப் பெட்டிக்கு ஓ.எல்.டி. என்று பெயர். இணைப்புக் கொடுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க ஓ.எல்.டி. இருக்கிற இடத்தில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" உங்கள் வீட்டுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் பொதுவாக இருக்காது. இரண்டு முனையிலும் பேட்டரி இருந்தால் போதும், போன் பேசும்.