எட்டு மாதம் ஓடிவிட்டது, விட்டுவிடட்டுமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா தினமும் விடியக்காலை ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி பூப்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறார். அம்மா ஏலக்காய் தரம் பிரித்துப் பொறுக்கப் போகிறார். எட்டு மாதமாக அஃபிலியேட் மார்க்கெட்டிங் செய்கிறேன், அதாவது நான் போடும் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன். 15,000 ரூபாய் கட்டி ஆன்லைன் கோர்ஸ் படித்தேன். வாட்ஸ்அப் குழுக்களிலும் டெலிகிராமிலும் தினமும் இருபது, முப்பது லிங்க் போடுகிறேன். இதுவரை வந்தது 1,340 ரூபாய். "விடாமுயற்சி இல்லாதவர்தான் தோற்பார், அடுத்த லெவல் கோர்ஸ் 25,000தான், சேருங்கள்" என்று விடாமல் போன் செய்கிறார்கள். "அந்தப் போனைத் தூக்கிப் போடு" என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: முதலில் அந்த 25,000. கட்டாதீர்கள் தங்கச்சி. அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை லிங்க் போட்டீர்கள், எவ்வளவு வந்தது, எல்லாம் இருக்கிறது. என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு வரி இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. சில இடங்களில் கோர்ஸ் முடித்தவரையே அந்தக் கோர்ஸை அடுத்தவர் தலையில் கட்டச் சொல்லி, அதற்குக் கமிஷன் தருகிறார்கள். அங்கே இருக்கிற ஒரே சரக்கு கோர்ஸ்தான். உங்களையும் அப்படிக் கேட்டிருந்தால் நீங்கள் கட்டியது படிப்புக்கான பணம் இல்லை, ஏஜென்ட் ஆவதற்கான பணம்.

சரி, விட்டுவிடலாமா? தொழிலை விட வேண்டாம். இப்போது செய்கிற விதத்தை இன்றைக்கே விடுங்கள். எட்டு மாதம் முயன்றேன் என்கிறீர்கள். எனக்கென்னவோ முதல் மாதத்தையே எட்டு தடவை செய்ததாகத் தெரிகிறது.

அமேசானையே எடுத்துக்கொள்வோம். 1996இல் இருந்து இந்தத் திட்டத்தை நடத்துகிறார்கள். உங்கள் லிங்க்கைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும், குறைந்தது கார்ட்டிலாவது போட வேண்டும். மறுநாள் சாவகாசமாகத் தேடி வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் கூடவே திரும்பிப் போகும். நீங்களே உங்கள் லிங்க்கில் வாங்கினால் கணக்கில் சேராது. கணக்குத் தொடங்கி 180 நாளில் மூன்று விற்பனைகூட ஆகவில்லை என்றால் மூடிவிடுவார்கள். இப்படிப்பட்ட விதிகளை வைத்துக்கொண்டு, குட்மார்னிங் படத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் லிங்க்கைச் செருகினால் யார் வாங்குவார்? குழுவில் இருப்பவர் அந்த நேரத்தில் எதையும் வாங்க வரவில்லை. "எதை வாங்கலாம்" என்று தேடிக்கொண்டு வருகிறவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். அவர் கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

நான் என்ன பெரிய கெட்டிக்காரியா? இதே தொழிலில் முதல் ஒன்றரை வருஷம் என் தளத்தில் புது மொபைல்களைப் பற்றி எழுதினேன். நாற்பது பதிவு. அதில் ஒரு போனைக்கூடக் கையில் தொட்டதில்லை. நாலு வெப்சைட்டைப் பார்த்து ஐந்தாவதாக எழுதினேன், ஈ காக்கை வரவில்லை. ஒருநாள் கோபத்தில், குமுளி வீட்டு மாடியில் மிளகு காயப்போட வாங்கிய தார்ப்பாய் ஒரு கோடையிலேயே பொடிப்பொடியாகப் போன கதையை எழுதினேன். எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கனக் கணக்கு) தாங்கும், ஓரத்தில் கயிறு கட்டுகிற வளையம் ஏன் பிய்ந்து வருகிறது என்று, கிழிந்த இடத்தைப் படம் எடுத்துப் போட்டேன். நாற்பது பதிவுக்கும் சேர்த்து வந்தவர்களைவிட அந்த ஒன்றுக்கு வந்தவர்கள் அதிகம். வேடிக்கை என்னவென்றால், அது எனக்குத் தெரியவே ஆறு மாதம் ஆனது. நான் தினமும் திறந்து பார்த்தது வருமானப் பக்கத்தை மட்டும்தான்.

கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது இல்லை. சொந்தமாக ஒரு சின்னத் தளம் தொடங்கினால், கூகுள் இலவசமாகத் தருகிற சர்ச் கன்சோல், எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அந்தப் பட்டியலோடு உட்காருங்கள். உங்கள் அம்மா காய் பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாய் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் வெடித்த காயையும் நிறம் போன காயையும் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த விரலுக்கு யாரும் முப்பது நாள் கோர்ஸ் எடுக்கவில்லை. பட்டியலும் முதல் மூன்று மாதம் வெறும் சொல்லாகத்தான் தெரியும். அப்புறம் ஒருநாள், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் எத்தனை பேர், "விலை" என்று தேடுகிறவருக்கும் "எது நல்லது" என்று தேடுகிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று தானாகக் கண்ணில் படும்.

எதைப் பற்றி எழுதுவது? ஜூனில் மழை இறங்கியதும் மெட்டுக்கு மேலே போகிறவர்களுக்கு என்னென்ன தேவைப்படுகிறது என்று உங்கள் தெருவுக்கே தெரியும். மழைக்கோட்டு, கம்பூட், அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கக் காலுறை, மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர். மொபைலுக்குக் கிடைக்கிற கமிஷன் மிகக் குறைவு, போட்டியோ மலையளவு. ஸ்பிரேயரைப் பற்றி, ஒரு சார்ஜில் எத்தனை டேங்க் அடிக்கலாம், முதலில் போவது வால்வா பேட்டரியா என்று தமிழில் உருப்படியாக எழுதியவர்கள் சொற்பம். மலையாளம் பேச வருமென்றால் ஒரு வீடியோவை இரண்டு மொழியிலும் பேசலாம். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் "அனுபவம்" என்ற அளவுகோலைச் சேர்த்தது. பயன்படுத்திப் பார்த்தவர் எழுதினாரா என்று பார்க்கச் சொல்கிறது. உங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று மேலேயே எழுதிவிடுங்கள். இப்படிச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. சொன்னால் ஆள் ஓடிவிடும் என்று கோர்ஸில் பயமுறுத்தியிருப்பார்கள். என் தளத்தில் யாரும் ஓடவில்லை.

கடை வேலையை விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு பதிவு, ஒரு வருஷம், செலவு டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயருக்கு மட்டும். ஏலச்செடி மூன்றாம் வருஷம்தான் காய்க்கும் என்று பொறுமைக்கு உதாரணம் சொல்வார்கள். அதுவரை நிழலையும் தண்ணீரையும் பார்க்காமல் இருந்தவர் தோட்டம் எப்படி இருக்கும் என்று அப்பாவைக் கேளுங்கள். வருஷக் கடைசியில் முன்பின் தெரியாத பத்துப் பேராவது வாரந்தோறும் தேடலில் வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் தொடருங்கள், வருமானம் நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. ஐம்பது பதிவுக்குப் பிறகும் யாரும் வரவில்லை என்றால் பொருளை மாற்றுங்கள். அப்போது விட்டுவிட்டாலும் தப்பில்லை.

இன்று சாயங்காலம் அப்பா ஜீப்பிலிருந்து இறங்கியதும் டீ கொடுத்துவிட்டு, போன மழைக்கு வாங்கிய கோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். எந்த மாதம் கிழிந்தது, தோளிலா அக்குளிலா, தையலிலா துணியிலா என்று கேளுங்கள். தூக்கிப் போடச் சொன்ன அதே போனில் அவர் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.