அடிக்காமல் குதிரையைப் பழக்க முடியுமா? முடியும், முதலில் அங்கவடி வாரை (சேணத்தில் கால் வைக்கிற வளையம் தொங்கும் தோல் வார்) அளந்து பாருங்கள்

வலப்பக்கம் திரும்பச் சொன்னால் குதிரை கழுத்தை விறைத்துக்கொள்கிறது, உங்களுக்கும் உட்காரும் நிதானம் வரவில்லை, பயிற்சியாளர் சவுக்கை எடு என்கிறார், அடிக்காமல் சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நீங்கள் சேர்ந்து ஒரு மாதம் இரண்டு மாதம் ஆகியிருக்கும், குதிரையும் உங்கள் சொந்தக் குதிரையாக இருக்காது, அதனால் சவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தயங்காதீர்கள். நான் தயங்கியதால் ஒரு குதிரையின் முழங்காலில் தழும்பு விழுந்தது.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்குக் குதிரை விடுகிற வீட்டில் பிறந்தவள் நான். எங்களிடம் ஒரு பெட்டை மட்டக் குதிரை இருந்தது, நிறத்தை வைத்தே செவலை என்று கூப்பிடுவோம். ஏரியை ஒரு சுற்று சுற்றினால் 5 கிலோமீட்டர். சீசனில் அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சுற்றினாள் என்று எண்ணியதே இல்லை. எப்போதும் பிடிகயிற்றோடு ஆள் நடப்பது இடப்பக்கம், சுற்றுலா வருகிறவர்கள் ஏறுவதும் இடப்பக்கம். இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

எனக்கு 19 வயது இருக்கும்போது சாயங்காலம் அவளை வீட்டுக்கு ஓட்டி வருவது என் வேலை. வலப்பக்க வளைவு வந்தாலே அடம் பிடிப்பாள். அப்பா ஒரு தைல மரக் கம்பைக் கையில் கொடுத்து, இரண்டு போடு, வழிக்கு வந்துவிடும் என்றார். (அப்பா கொடுமைக்காரர் இல்லை. கொள்ளு வேகவைத்துக் குதிரைக்கு வைத்த பிறகுதான் தான் சாப்பிடுவார். அவருக்கு அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது அது. யாரும் இங்கே வந்து அவரைத் திட்ட வேண்டாம்.) நானும் மூன்று வாரம் அடித்தேன். அடித்தால் திரும்பினாள், ஆனால் காதைப் பின்னால் மடக்கி, தலையைத் தூக்கி, முதுகைக் கீழே இறக்கிக்கொண்டு திரும்பினாள். ஒரு நாள் மழை விட்ட நேரம், பாம்பார்புரம் இறக்கத்தில் அப்படித் திரும்பும்போது முன்கால் வழுக்கி முட்டி போட்டு விழுந்தாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு இரண்டு முழங்காலும் உரிந்து ரத்தம்.

பெரியப்பா வந்து பார்த்தார். காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்த பிறகு சேணத்தைக் கழற்றினார். குளிரில் முதுகிலிருந்து ஆவி பறந்தது. வலப்பக்கம் வியர்வை ஒரே சீராக நனைந்திருந்தது. இடப்பக்கம் தோளெலும்புக்குப் பின்னால் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. சேணம் அழுத்தி அழுத்தி அங்கே வியர்வையே வரவில்லை. இரண்டு விரலால் மெல்லத் தொட்டார், முதுகை அப்படியே தாழ்த்தினாள். அப்புறம் இரண்டு அங்கவடி வாரையும் கழற்றி ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஒரே துளையில் போட்டிருந்தும் இடது வார் இரண்டு விரற்கடை நீளம்.

"வருசக்கணக்கா எல்லாரும் ஒரு பக்கமாவே ஏறினா தோல் நீளாம என்ன செய்யும்? நீ இடது பக்கம் சாஞ்சு உக்காந்துக்கிட்டு அவள வலது பக்கம் போன்னு அடிக்கிற" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

காயம் ஆறுகிற வரை ஓய்வு. பிறகு மூன்று மாதம் அவர் சொன்னபடி செய்தோம். இரண்டு வாரையும் இடம் மாற்றி மாட்டிப் புதுத் துளை போட்டோம். ஏறுவதற்கு ஒரு கல் திண்டு. முதல் இரண்டு வாரம் சேணமே கிடையாது, சாக்கு மட்டும். பெரியப்பா கயிற்றைப் பிடித்து நடப்பார், நான் அங்கவடி இல்லாமல் கையை இடுப்பில் வைத்து, கண்ணை மூடி, இப்போது எந்தப் பின்னங்கால் தரையில் படுகிறது என்று சொல்ல வேண்டும். நடையில் இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று நான்கு அடி வரும். முதல் நாள் எல்லாமே தப்பு. பத்தாம் நாள் என் இடுப்பெலும்பு இரண்டும் மாறி மாறித் தூக்கப்படுவது தெரிந்தது, வலப்பக்கம் நான் உட்காரவே இல்லை என்பதும் தெரிந்தது.

அப்புறம்தான் குதிரை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேரிக்காய் மரத்தைச் சுற்றி எட்டு போடுவது, நடையில் மட்டும், தினம் 20 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. லகானை இழுத்துப் பிடிக்கவே கூடாது. விரலை மட்டும் மூட வேண்டும், அவள் தாடையைக் கொஞ்சம் தளர்த்திய அதே நொடியில் விரலைத் திறந்துவிட வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது அந்த விடுதலையில்தான், பிடியில் இல்லை. குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில் இருக்கிறது. நாம் ஏறினால் முன்பக்கம் இன்னும் பாரம். பின்னங்காலை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து தாங்கப் பழகினால்தான் இறக்கத்தில் வழுக்காது. பயந்துபோய் முதுகை இறக்கிய குதிரையால் அது முடியவே முடியாது.

பந்தயக் குதிரை பழக்குகிறவர்கள் இதெல்லாம் நேரத்தை வீணாக்குவது என்று பின்னூட்டம் போடலாம். நான் பேசுவது 250 கிலோ மட்டக் குதிரையைப் பற்றி. அதற்கு மேல் 90 கிலோ ஆளை ஏற்றி, படம் எடுக்க முன்காலைத் தூக்க வைப்பதைப் பார்த்து வளர்ந்த கோபத்தில் பேசுகிறேன்.

கோபம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது தெரியாமல் வளைவில் ஹாரனை அமுக்கிக்கொண்டு வருகிறவர்களால் போன மாதம்கூட நான் பெருமாள்மலைக்குக் கீழே பள்ளத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். கேட்டால், உள்ளூர்க்காரர் என்றால் பெரிய ஆளா என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் குதிரைக்காரர்கள் அதே வளைவில்தான் நடக்கிறோம்.

சரி, உங்கள் விஷயம். நாளைக்குச் சவாரி முடிந்ததும் சேணத்தை நீங்களே கழற்றுங்கள், முதுகில் வியர்வைத் தடம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள், காய்ந்த திட்டு இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள், வார் இரண்டையும் ஆணியில் மாட்டி அளந்து பாருங்கள். பார்த்ததை இங்கேயே எழுதுங்கள். அதுவரை சவுக்கைக் கையில் வாங்காதீர்கள்.