புது எலெக்ட்ரிக் கார் டெலிவரி: பெங்களூர்வாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

அல்சூர்: இன்ஜினே இல்லாத காரில் சோதிக்க என்ன இருக்கிறது அண்ணா?

அடியில் இருக்கிறது. பேட்டரி பேக் காரின் வயிறு முழுக்கப் பரவியிருக்கும். டிரெய்லரில் ஏற்றி இறக்கும்போது உரசியிருந்தால் நின்றபடி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லிஃப்டில் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நசுங்கல், கீறல், கழன்ற போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சார்ஜிங். ஏசி (வீட்டில் போடுவது), டிசி (ஃபாஸ்ட் சார்ஜர்) இரண்டிலும் போட்டுப் பார்க்கணும். ஏசி கரண்ட் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் வழியாகப் போகும். டிசி அதைத் தொடாமல் நேரே பேட்டரிக்குப் போகும். ஒன்று வேலை செய்வதால் மற்றதும் செய்யும் என்று நம்ப முடியாது. சார்ஜிங் கன்னைக் கழற்றும்போது பூட்டு சட்டென்று விடுகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால்.

கே.ஆர்.புரம்: டயர் நாலு மாதப் பழசு. கார் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம் சார். டயர் ஓரத்தில் 1825 என்று இருந்தால் 2025-இன் 18-ஆவது வாரம். நாலு மாதமெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு டயரின் தேதி மட்டும் எக்கச்சக்கமாகத் தள்ளியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு: எங்கள் கார் யார்டில் மாதக்கணக்கில் நின்றதாம்.

12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இந்தச் சின்னது படுத்துவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாது. லெட் ஆசிட் வகை என்றால், கார் அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 பக்கம் காட்டணும். 12-க்கு இறங்கியிருந்தால் புதுசு கேளுங்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால்!

ஹெப்பால்: நம்பர் வந்த பிறகுதான் வண்டியைக் காட்டுவார்களாம்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். சாசி நம்பர், அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண், தொழிற்சாலையிலேயே பொறித்தது; கார் கம்பெனி தரும் சான்றான படிவம் 22-இலும் இருக்கும். அதை எழுதி வாங்கி, அதே காரைக் காட்டச் சொல்லுங்கள்.

ஹெப்பால்: எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். நீங்கள்தான் பயமுறுத்துகிறீர்கள்.

அல்சூர்: கீறல் இருந்தால் பாலிஷ் போட்டுத் தருவார்களே அண்ணா?

பாலிஷ் போட்டது என்று உங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டு மூலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். கதவு ரப்பரில் பெயிண்ட் துளி இருந்தாலும் அதே சந்தேகம்தான். உங்கள் பேரில் பதிவாகிவிட்டால் மாற்றுக் கார் கேட்பது நடக்கிற காரியமில்லை. ஹெப்பால் சார், பணம் முழுக்கக் கட்டச் சொன்னால்கூடச் சரி, பதிவுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் வேறு டீலர்.

ஹெப்பால்: சரி, கேட்டுப் பார்க்கிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டி: வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கணும். அன்றே பார்த்துக்கொள்ளலாமா?

பத்தரைக்கு ராகு காலம், மாமியார் தட்டோடு நிற்கிறார். அங்கே போய் லிஃப்டில் தூக்கு என்பீர்களா? அது பூஜை நாள் மேடம். எப்போது பார்க்கணும் என்று மேலே இருக்கிறது.

ஜெயநகர்: நம்பர் வந்துவிட்டது, நாளை டெலிவரி. என்ன பார்க்கணும்?

மேலே படியுங்கள். குறை கண்டால் டெலிவரி நோட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

மடிவாளா: ஃபுல் சார்ஜில் விளம்பரத்தில் சொன்ன கிலோமீட்டர் காட்டவில்லை.

காட்டாது. அது சோதனைக்கூடக் கணக்கு.

பனசங்கரி: வீட்டு ப்ளக்கில் போட்டால் எர்த் இல்லை என்கிறது.

முதலில் எலெக்ட்ரீஷியன். எர்த் சரி என்று அவர் சொன்னால் என்னிடம் வாருங்கள்.