பசுமைக் கூரையில் நடக்கப் போகிறவர் யார்?

கேள்வி: நான்கு மாடிகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி முழுவதும் மண் பரப்பி, புல்லும் சிறு செடிகளும் வளர்க்க முடிவு செய்திருக்கிறோம். கூரை எடையைத் தாங்கும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்

பதில்: களை பிடுங்கவும் மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்யவும் ஆண்டு முழுவதும் யாரோ ஒருவர் மேலே போகத்தான் வேண்டும், அவர் எந்த வழியாக நடப்பார், எங்கே நின்று குனிவார் என்பதை மண் கொட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சென்ற கார்த்திகையில் ஒரு குடியிருப்பில் நான் பார்த்த காட்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. தூறலில் அங்கிருந்த காவலாளி ஒரு கையால் டிஷ் ஆன்டெனாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாய் வாயில் பந்து போலச் சுருண்டிருந்த புல்வேரை இழுத்துக்கொண்டிருந்தார். கால்களுக்குக் கீழே பாசி. கைப்பிடிச் சுவரோ அவருடைய தொடை உயரத்துக்கு மேல் இல்லை.

அந்தச் சுவர் கட்டும்போது குட்டையாக இருந்ததில்லை. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் 1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. அந்த உயரம் ஆள் நிற்கும் தளத்திலிருந்து அளக்கப்பட வேண்டியது. 1 மீட்டர் சுவருக்குள் வடிகால் அடுக்கும் மண்ணுமாக 20 செ.மீ. நிரப்பினால், செடிகளுக்கிடையே நிற்பவருக்கு மிஞ்சுவது 80 செ.மீ. மட்டுமே. எனவே முதலில் நாடாவை எடுத்து அளந்து, குறைகிற உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி அமைத்துவிடுங்கள்.

அடுத்தது பாதை. படிக்கட்டுக் கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஏசி இயந்திரங்கள், ஒவ்வொரு குழாய் வாய் ஆகிய எல்லா இடங்களுக்கும் சொரசொரப்பான சிமென்ட் பலகைகளால் சுமார் 60 செ.மீ. அகலத்துக்கு நடைவழி விடுங்கள். குழாய் வாயைச் சுற்றி மண் போடாமல் கூழாங்கல் நிரப்பி, அதன் மேல் திறந்து பார்க்கக்கூடிய மூடியுள்ள பெட்டி வையுங்கள். அடிக்கடி வெட்ட வேண்டிய செடிகளை ஓரத்தில் நடாமல் நடுவில் நடுங்கள். தண்ணீர்க் குழாய் ஒன்றும் மேலேயே இருக்கட்டும், ஏனென்றால் வாளியோடு படியேறுகிறவருக்குக் கைப்பிடியைப் பிடிக்கக் கை இருக்காது.

பொறியாளரிடம் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அவர் கணக்கிட்டது காய்ந்த மண்ணையா, நனைந்து ஊறிய மண்ணையா? குழாய் அடைத்து 10 செ.மீ. தண்ணீர் தேங்கினாலே ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுகிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளில் மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு வைத்திருப்பவர்கள் இந்த ஆசையையே தவிர்ப்பது நல்லது.

கேள்வி: எங்கள் போர்ட்டிகோவின் கூரையில் செடி வளர்த்திருக்கிறோம். அங்கே கைப்பிடிச் சுவர் கிடையாது. தோட்டக்காரருக்குச் சேஃப்டி பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதாதா?
– ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: போதாது. பெல்ட்டின் கயிறு எதில் மாட்டப்படுகிறதோ, அதன் பலம்தான் பெல்ட்டின் பலம். தொட்டிக் குழாயும் ஜன்னல் கம்பியும் விழுகிற மனிதரின் இழுவையைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டவை அல்ல. அதற்கென்று கான்கிரீட்டில் பதித்த கொக்கி வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிய பிறகு துளையிட்டால் அந்தத் துளை வழியாகவே கசிவு தொடங்கும் என்பதால், அதையும் செடிக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. போர்ட்டிகோ தரையிலிருந்து 3 அல்லது 3.5 மீட்டர் உயரம்தான் இருக்கும். 2 மீட்டர் கயிறு முழுவதும் நீண்டு, அதிர்வு தாங்கும் பட்டையும் விரிந்து ஆளை நிறுத்துவதற்கு அதைவிட அதிக உயரம் தேவைப்படுவதால், கயிறு பிடிப்பதற்குள் அவர் தரையில் மோதிவிடுவார். அங்கே பயன்படக்கூடியது ஓரத்தை எட்டவே விடாத அளவுக்குக் குட்டையான கயிறு மட்டுமே. என்னைக் கேட்டால், அந்தச் செடிகளை எடுத்துவிட்டு, தரையில் ஒரு முல்லைக்கொடி நட்டுப் போர்ட்டிகோ தூணில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: மழை கொட்டும்போது குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: இடியும் காற்றும் இருக்கும்போது யாரையும் மேலே அனுப்பாதீர்கள். புரட்டாசி முடிவதற்குள் எல்லாக் குழாய் வாய்களையும் இரண்டு பேராகச் சேர்ந்து சுத்தம் செய்துவிடுங்கள். அத்துடன் மண்மட்டத்துக்குச் சற்று மேலே கைப்பிடிச் சுவரில் ஓரிரு இடங்களில் துளையிட்டு, உபரி நீர் வெளியேறச் சிறு குழாய் வையுங்கள். கீழே வாசலில் நின்று பார்க்கும்போது அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டினால், மேலே அடைப்பு இருக்கிறது என்று பொருள். தேங்கும் நீர் அந்த மட்டத்துக்கு மேல் ஏறாமல் வழிந்துகொண்டிருக்கும் என்பதால், மழை விட்ட பிறகு போய்ச் சரிசெய்துகொள்ளலாம்.