அணைவது வேறு, பூட்டுவது வேறு

கேள்வி: பேட்டரியை மிச்சப்படுத்த, திரை 15 வினாடியில் அணையும்படி வைத்தேன். தொட்டதற்கெல்லாம் பின் நம்பர் கேட்கிறது. பூட்டையே எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பேட்டரியைத் தின்பது எரிகிற திரை; பூட்டு அல்ல. இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஸ்கிரீன் டைம்அவுட் போய் 30 வினாடி வையுங்கள். பிறகு செக்யூரிட்டியில் ஸ்கிரீன் லாக் அருகே உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால், திரை அணைந்து எவ்வளவு நேரத்தில் பூட்ட வேண்டும் என்பதை மாற்றலாம் (சில போன்களில் பெயரும் இடமும் மாறும்). 1 நிமிடம் போதும். அங்கேயே, பவர் பட்டனை அழுத்தியதும் பூட்டும் வசதியை ஆன் செய்துவிடுங்கள். வேண்டும்போது உடனே பூட்டலாம். தானாக அணைந்தால் 1 நிமிட அவகாசம்.

விரல்ரேகையும் பதிந்துகொண்டால் பின் தட்டும் வேலை வெகுவாகக் குறையும். ஆனால் போனையே ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பின் கட்டாயம் கேட்கும், அது பழுதல்ல. அந்தப் பின் 6 இலக்கமாக இருக்கட்டும். 4 இலக்கத்தில் 10,000 சேர்க்கைகள்தான், 6 இலக்கத்தில் 10 லட்சம்.

கேள்வி: உடம்போடு இருக்கும்வரை பூட்டாமலிருக்கும் வசதி நல்லதா?

பதில்: சௌகரியம்தான், ஆனால் யார் உடம்பு என்று அதற்குத் தெரியாது. பறித்துக்கொண்டு ஓடினால் திறந்தபடியே போய்விடும்.

கேள்வி: ஐபோனில் ஆட்டோ லாக் 30 வினாடியிலேயே நிற்கிறது, மாற்ற முடியவில்லை. ஏன்?

பதில்: லோ பவர் மோட் (பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி) ஆனில் இருக்கும். அணைத்துப் பாருங்கள்.