கடைசிச் சுற்றில் முன்னால் போகிறவர் ஏன் தோற்கிறார்?

கேள்வி: உலக ரேலி சம்பியன்ஷிப்பில் 2025 நவம்பரில் சவூதியில் நடந்த கடைசி ரேலியை வென்றவர் தியரி நூவில். உலகப் பட்டம் மட்டும் ஓஜியேயிடம் போனது எப்படி?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பட்டம் ஒரு ரேலிக்கு அல்ல, ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிக்கு. நூவில் அந்த ஆண்டு புள்ளியில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார். சவூதி ரேலிக்காக ஜெத்தாவுக்கு வந்தபோது எல்பின் இவான்ஸிடம் 272 புள்ளி, செபாஸ்டியன் ஓஜியேயிடம் 269.

ரேலி முடிவில் முதல் பத்து இடங்களுக்கு 25, 17, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. கடைசி நாளில் மட்டும் எடுத்த மொத்த நேரத்துக்குத் தனியாக 5 முதல் 1 வரை. ஸ்டேஜ் என்பது நேரம் கணக்கிடப்படும் பாதைத் துண்டு. கடைசி ஸ்டேஜான பவர் ஸ்டேஜுக்கு மீண்டும் 5 முதல் 1 வரை. ஓஜியே மூன்றாமிடம், 15 புள்ளி. இவான்ஸ் ஆறாமிடம், 8 புள்ளி. மற்ற இரண்டிலும் சேர்த்து ஆளுக்கு 9 எடுத்தார்கள். ஆக, கடைசி நாளின் தனிப் புள்ளிகள் இருவரையும் பிரிக்கவே இல்லை. ரேலி முடிவில் பிடித்த இடங்கள்தான் பிரித்தன. மொத்தத்தில் ஓஜியே 293, இவான்ஸ் 289. ஓஜியேக்கு இது ஒன்பதாவது பட்டம். செபாஸ்டியன் லோப்பின் கணக்கோடு சமம்.

கேள்வி: புள்ளியில் முன்னணியில் இருப்பவரை முதலாவதாக அனுப்புவது அவருக்கு வசதிதானே?
– வாசகி, ஹட்டன்

பதில்: தார் வீதியில் பெரும்பாலும் வசதி, காய்ந்த கிரவல் வீதியில் தண்டனை. முதல் முழு நாளில் புள்ளி வரிசைப்படியே கார்கள் புறப்படும். மழை பெய்யாத மாசியில் தோட்டத்துக் கிரவல் வீதியைப் பாருங்கள்: மேலே உருளும் சிறுகல், அடியில் இறுகிய தரை. முதல் கார் அந்தக் கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரேக் பிடிக்கும் தூரம் நீள்கிறது, வளைவில் முன்சில்லு வெளியே தள்ளுகிறது. அது கூட்டித் தள்ளிய தடத்தில் பின்னால் வருபவருக்கு இறுகிய தரை கிடைக்கிறது. ஒரு கிலோமீற்றருக்கு அரைச் செக்கன் போனாலே 20 கிலோமீற்றர் ஸ்டேஜில் 10 செக்கன் போய்விடும். சவூதியின் மணலும் கல்லும் கலந்த பாதையில் அந்த வேலையைச் செய்தவர் இவான்ஸ்.

மழை பெய்தால் நிலைமை தலைகீழ். முதல் கார் சேறு கிளறாத பாதையில் போகும், பின்னால் வருபவர் குழியில் மாட்டுவார். அடுத்த நாட்களில் ரேலியில் முன்னிலையில் உள்ளவர்கள் கடைசியாகப் புறப்படுவார்கள். அதனால் முதல் நாளில் பின்தங்கியவருக்கு மறுநாளும் கல் கூட்டும் வேலைதான். இந்த விதி கடுமையானது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: பேஸ் நோட் எழுதிப் பழக ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர், நுவரெலியா

பதில்: ரதல்ல, மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிகளில் பாதையின் நீளம் குறைவு, மனப்பாடம் செய்துவிடலாம். ரேலி ஸ்டேஜில் அது நடக்காது, வளைவுகளையும் தூரங்களையும் எழுதிவைத்த பேஸ் நோட் குறிப்பு வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, வாகனம் குறைந்த பாதையில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகாமல் பழகுங்கள்.

சுருள்கம்பிக் கொப்பியும் பென்சிலும் எடுங்கள். நனைந்தால் பேனை மை கரையும். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரி, பெரிய எழுத்தில். வளைவுக்கு 1 முதல் 6 வரை எண்: 1 கொண்டை ஊசி, 6 ஏறக்குறைய நேர்ப்பாதை. இடையிலுள்ள தூரம் மீற்றரில். ‘வல 3, 60, இட 5 நீளம், முடிவில் இறுகும்’ என்பது ஒரு வரி. மதகு, தண்ணீர்க் கான், குறுக்கே வெட்டிப் போகக்கூடாத வளைவின் உள்விளிம்பு எல்லாவற்றுக்கும் தனிக் குறி வையுங்கள். முதல் தடவை சாரதி சொல்ல, இணைச்சாரதி எழுதுவார். இரண்டாம் தடவை இணைச்சாரதி வாசிக்க, சாரதி திருத்துவார்.

நுழைவில் தெரியும் வடிவத்தை வைத்து எண் போடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. தேயிலை மேட்டுக்குப் பின்னால் இறுகும் வளைவு 4 போலத் தெரியும், உண்மையில் 2. முழு வளைவையும் கடந்தபின் எண் போடுங்கள். வாசிப்பதிலும் பிழை வரும்: வளைவுக்குள் நுழைந்தபின் சொன்னால் பயனில்லை, மூன்று வளைவுக்கு முன் சொன்னால் மறந்துபோகும். ஒன்று, ஒன்றரை வளைவு முன்னால் போதும். பனிமூட்டத்தில் இந்தப் பழக்கம்தான் கண்.

கேள்வி: டயர் வெடித்தால் நிற்பதா, ஓடுவதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: மிஞ்சிய தூரத்தைப் பொறுத்தது. சில்லு மாற்ற ஏறத்தாழ இரண்டு நிமிடம் போகும். முடிவுக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் என்றால் ஓட்டுவார்கள். அதற்கு மேல் ஓடினால் கிழிந்த றப்பர் சுழன்று பிரேக் குழாயை அறுக்கும், மட்காட்டைப் பிய்க்கும்.

கேள்வி: முடிவுக்கோட்டின் அருகில் பட்டத்தை இழந்தவர் யாராவது?
– வாசகி, பதுளை

பதில்: 1998, பிரித்தானிய ரேலி. டொமி மாக்கினென் முதல் நாளே எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி, கொங்கிரீட் கட்டையில் மோதிப் பின்சில்லை இழந்து விலகினார். பட்டம் வெல்லக் கார்லொஸ் சைன்ஸுக்கு நான்காமிடம் போதும். அந்த இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார். கடைசி ஸ்டேஜின் முடிவுக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் அவருடைய டொயோட்டா கொரோலாவின் எஞ்சின் நின்றது. விலகியிருந்த மாக்கினென் சம்பியனானார்.