டிசம்பர் 12: ரஜினிகாந்த் பிறந்த நாள் என்பது தெரியும். வேறு யார் பிறந்தார்கள், என்ன நடந்தது?

1950இல் பெங்களூரில் சிவாஜி ராவ் கெய்க்வாட்டாகப் பிறந்த ரஜினி இருக்கும்போது மற்றவர்கள் மறைந்துபோவது இயல்புதான். யுவராஜ் சிங் (1981), பாடகர் ஃபிராங்க் சினாட்ரா (1915), நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் (1863) ஆகியோரும் இதே நாளில் பிறந்தவர்களே.

நிகழ்வுகளில் நமக்கு நெருக்கமானது, பிரிட்டிஷ் மன்னரின் முடிசூட்டைக் கொண்டாட 1911இல் கூடிய டெல்லி தர்பார். இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அங்கே அறிவித்தார். கடைசிவரை ரகசியமாக வைக்கப்பட்டிருந்த முடிவு அது, கூடியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். 1905இல் செய்யப்பட்ட வங்கப் பிரிவினையை ரத்து செய்யும் அறிவிப்பும் அன்றே வந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்ட கதை! புதுடெல்லி முறைப்படி திறக்கப்பட்டதோ 1931இல்தான்.

டெல்லி தர்பாருக்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் முன்பு, 1901இல், இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அனுப்பப்பட்ட கம்பியில்லாச் சமிக்ஞையை அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். ‘எஸ்’ எழுத்துக்கான மோர்ஸ் குறியீடான மூன்று புள்ளிகள், அவ்வளவுதான். அங்கே ஆன்டெனா கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தது வானில் பறந்த ஒரு பட்டம். உண்மையிலேயே கேட்டாரா என்று சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு.

கென்யா விடுதலை பெற்றதும் இதே தேதியில், 1963இல்.